வளைவுக்கு அப்பால் எழுபது மீட்டர்

பதிவு 1
2071 ஆகஸ்ட் 14, காலை 09:10. ஆட்கள் 2. நடமாடக்கூடியவர் 1.

நிலாவின் தெற்குக் குகை நிலையம். எழுதுவது தரணிதரன், மின்பொறியாளர். வழக்கம்போல முதலில் அளவீடுகள். குகை முழுதும் மூடிக் காற்று நிரப்பியது; காற்றழுத்தம் சரி. வெப்பம் 19 டிகிரி. மின்சாரம் சரி. சரியில்லாதது தரை மட்டும்தான். நேற்று மதியம் 14:32-க்கு நிலம் குலுங்கியதில் குகைவழியின் நடுத்தரை 180 மீட்டர் நீளத்துக்கு உள்ளே விழுந்துவிட்டது. பள்ளத்தின் அடி விளக்குக்கு எட்டவில்லை.

நிலவியலாளர் ஜெபசிங் அண்ணன் அந்தப் பக்கம் இருக்கிறார். கால் பாறைக்கு அடியில் சிக்கியிருக்கிறது. காற்று, தண்ணீர், ரேடியோ எல்லாம் அவரிடம் உண்டு. மருந்துப் பெட்டி என் பக்கம். காயம் சீழ் பிடித்துக் காய்ச்சல் 39.4. மீட்புக் கலம் வர ஆறு நாள். பூமியிலிருந்து மருத்துவர் அனுப்பிய செய்தி: "நாளைக்குள்ள மாத்திரை உள்ளே போகணும். இல்லேன்னா கலம் வர்ற வரைக்கும் தாங்க மாட்டார்."

தூக்கி எறியலாம். ஆனால் கூரை தாழ்வு, வழி நடுவில் வளைகிறது. வளைவுக்கு அப்பால் இன்னும் எழுபது மீட்டர் தள்ளித்தான் அவர் கிடக்கிறார். அங்கிருந்த கேமராக்கள் தரையோடு போய்விட்டன.

பதிவு 2
அதே நாள், 10:25. மாத்திரை 14. விமானம் 1. அதன் மோட்டாருக்கு உதிரி விசிறி 2.

யோசனை அவருடையது. "என் பெட்டியில ஒரு பொம்மை விமானம் கெடக்கும் பாரு. மாதா கோயில் திருவிழாக் கடையில வாங்குனது. சிரிக்காதடே, அது பறக்கும்."

நான் சிரிக்கவில்லை. தெர்மாகோல் உடல், இரண்டு குட்டி மோட்டார், எடை 62 கிராம். வால் அசையாது. ஒரு மோட்டார் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றினால் திரும்பும். அவ்வளவுதான் அதன் அறிவு. நான் வாழ்க்கையில் எதையும் பறக்கவிட்டதில்லை, காத்தாடி உட்பட. ரிமோட்டை நிலையத்தின் பெரிய ஆன்டெனாவோடு இணைத்துவிட்டேன். சிக்னல் கடைசி வரை போகும். விமானத்தை அலைக்கழிக்காதபடி குகையின் காற்றோட்ட மின்விசிறிகளை நிறுத்திவிட்டேன். என் பக்கத்துக் கூடத்தில் பயிற்சி.

பதிவு 3
12:50. முயற்சி 6. மோதல் 6. உதிரி விசிறி 1.

ஆறு தடவையும் ஒரே கதை. கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு கூரையில் போய் முட்டுகிறது. ஜெபசிங் அண்ணன் சத்தத்தை வைத்தே கணக்கு வைக்கிறார். "பறக்க விடச் சொன்னா நீ ராக்கெட்டுல்லா விடுத!"

கருவிப் பெட்டியை ஓர் உதை விட்டேன். அதன் பிறகுதான் மூளை வேலை செய்தது. இறக்கை பூமிக்குச் செய்தது. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. விமானம் உடையக் கூடாதென்று நான் அதை வெறுமையாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம். 310 கிராம் போல்ட்டுகளை வயிற்றில் கட்டினேன். ஏழாவது முயற்சியில் பதினோரு விநாடி நேராகப் பறந்தது.

பதிவு 4
16:40. முயற்சி 15. காய்ச்சல் 39.8.

போகும்போது சொன்னபடி கேட்கிறது. என்னை நோக்கித் திரும்பி வரும்போது வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போய்ச் சுவரில் மோதுகிறது. மூன்று தடவை. நான்காவது தடவை நான் கத்தியது ரேடியோவில் கேட்டுவிட்டது.

"அது உன்னப் பாத்து வரும்போது உன் வலது அதுக்கு இடதுடே. நீ அதுக்குள்ள ஒக்காந்து ஓட்டுதன்னு நெனச்சுக்க. நானே இதைப் படிக்க ரெண்டு விமானத்தைத் தென்னை மரத்துல தொங்க விட்டவன்."

பதினைந்தாவது முயற்சியில் போய்த் திரும்பி என் காலடியில் இறங்கியது. அவர் ரேடியோவிலேயே கைதட்டினார். பிறகு வெகு நேரம் இருமினார்.

பதிவு 5
ஆகஸ்ட் 15, 08:05. காய்ச்சல் 40.1. விமானத்தில் மாத்திரை 14, மீதிக்கு போல்ட்.

இன்னும் பயிற்சி எடுக்க அவரிடம் நேரமில்லை. இப்போதே விடுகிறேன். வளைவுக்குப் பிறகு விமானம் என் கண்ணுக்குத் தெரியாது. அவர் பார்த்துச் சொல்வார், நான் திருப்புவேன்.

கிளம்பும் முன் அவர் ஆரம்பித்தார்: "தம்பி, வளைவு தாண்டினதும் நான் பக்கம் சொல்லும்போது ஒண்ணு கவனிச்சுக்க..."

நான் சொன்னது: "எல்லாம் தெரியும்ங்ணா. வளவளன்னு பேசாம தெம்பை மிச்சம் புடிங்க."

ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

பதிவு 6
08:31. மாத்திரை என்னிடம் 0. அவரிடமும் 0.

08:12-க்கு விட்டேன். பள்ளத்தின் மேல் பிசிறில்லாமல் போனது. வளைவில் திருப்பினேன். மறைந்தது.

"வந்துட்டு! வந்துட்டுடே மக்கா, அழகா வருது! கொஞ்சம் இடது."

இடது கொடுத்தேன்.

"இடதுடே! இடது! இன்னும்!"

இன்னும் கொடுத்தேன். ஒரு சத்தம்.

"எதிர்ல வருதுல்லா... என் இடதைச் சொல்லிட்டேன் போல."

எனக்குப் பாடம் சொன்ன மனிதர். நாற்பது டிகிரி காய்ச்சலில் யாருக்கும் தவறும். யாருடைய இடது என்று முதலிலேயே பேசி வைக்கத்தான் அவர் வாயைத் திறந்தார். மூடியது நான்.

விமானம் பள்ளத்தில் விழவில்லை. சுவரில் அடித்துத் தரையில் கிடக்கிறது. அவருக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில். "நாலு மீட்டர் இருக்கும். கைக்கு எட்டலடே." விளிம்பும் அதிலிருந்து அதே நாலு மீட்டர்தானாம்.

மோட்டார்கள் உயிரோடு இருக்கின்றன. ஒரு விநாடி மட்டும் ஓட்டிப் பார்த்தேன்.

"நவுருது," என்றார்.

"எந்தப் பக்கம்ங்ணா?"

மறுபடியும் கேட்டேன்.

"அண்ணா, உங்க பக்கமா, பள்ளத்துப் பக்கமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

பதினைந்து நிமிடமாகக் கேட்கிறேன்.

பதிவு 7
08:50. ஆட்கள் 2 என்றே எழுதுகிறேன். ரேடியோவில் மூச்சு கேட்கிறது. கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சும்மா கிடந்தாலும் விமானத்தின் பேட்டரி 11:30-க்குத் தீரும். அதன் பிறகு அவர் கண் விழித்தாலும் மாத்திரை நாலு மீட்டர் தள்ளியே இருக்கும். ஆகவே:

1. மோட்டாரைத் தொட மாட்டேன்.
2. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவேன்.
3. விழித்தால் இடது வலது கேட்க மாட்டேன். விமானத்தின் மூக்கு உங்களைப் பார்க்கிறதா என்று மட்டும் கேட்பேன்.
4. நடுவில் சும்மா இருக்க மாட்டேன். தென்னை மரத்தில் தொங்கிய அந்த இரண்டு விமானங்களைப் பற்றிக் கேட்பேன். பதில் வராவிட்டாலும் பேசுவேன். வளவளவென்று.
5. 11:25 வரை குரல் வராவிட்டால் இரண்டு மோட்டாரையும் முழு வேகத்தில் ஓட்டுவேன். ஒன்று அவர் கைக்குப் போகும், அல்லது பள்ளத்துக்குப் போகும்.
6. எங்கே போனது என்று சொல்லச் சொல்லி மறுபடியும் கூப்பிடுவேன்.