வாசல் விளக்கு

அன்புள்ள அண்ணா,

நேற்று இரவு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

புதுக் கட்சிக்காக நீங்கள் நம் லயத்து வீட்டு வாசலில் பேசியதை, பழைய யூனியனின் தோட்டத் தலைவரான அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"இவனுக்கு யாரு இப்படிப் பேசக் கத்துக்குடுத்தா?"

"இருபது வருசமா இந்த வீட்டுல மேடை போட்டவருதான்" என்றார் அம்மா.

அப்போதுதான் மேட்டு லயத்து யூனியன்காரர்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு உங்களைத் தேடி இறங்கிவந்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னா இனி கேக்க மாட்டானுங்க. வாசல் லைட்ட அணை பாப்பா."

இருட்டில் நீங்கள் தேயிலைக்குள் ஓடித் தப்பினீர்கள். விளக்கை அணைத்துக் கூட்டத்தைக் கெடுத்தது அப்பாதான் என்று இன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லோரும் பேசினார்களாம். அவர் மறுக்கவில்லை. நீங்களும் அதை நம்பி, இனி வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

வாருங்கள் அண்ணா. உங்களைக் காப்பாற்றத்தான் விளக்கு அணைக்கப்பட்டது.

இப்படிக்கு,
அதை அணைத்த தங்கச்சி