பேப்பரில் வந்த பெயர்

மாட்டுங்கா, பம்பாய்
12-11-67

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் கால்வலி தேவலையா?

எஸ்.எஸ்.எல்.சி. பாஸானபோது பேப்பரில் என் நம்பர்தான் வந்தது. இந்த வாரம், மதராசிகள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று எழுதிவரும் மராத்திப் பத்திரிகை ஒன்றில் பெயரே வந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் மதராசிகள் பதினொரு பேரையும் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். திட்டி ஒரு வார்த்தை இல்லை.

"வெறும் பேருதானே?" என்று ரூமில் கூட இருக்கும் கணேசபாண்டியனிடம் கேட்டேன்.

"கல்யாணப் பத்திரிகையா அடிச்சிருக்கான்? மிச்சத்தைப் படிக்கிறவன் செய்யட்டும்னுதாம்லே போட்டிருக்கான்" என்றான்.

முதல் பெயர்க்காரர் இரண்டு நாளாக ஆபீசுக்கு வரவில்லை. என் பெயர் நான்காவது.

கவலைப்பட ஒன்றுமில்லை. இனி கவரின் மேல் என் பெயர் மட்டும் வேண்டாம், ரூம் நம்பர் போதும். தபாலுக்கு நேரமாகிவிட்டது. என் கையெழுத்து தங்களுக்குத் தெரியும் என்பதால் கீழே நானும் பெயர் போடவில்லை.

தங்கள் மகன்