தலைகீழாகப் பறக்க யாரிடம் கற்பது

அன்புப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே, அவள் நன்றாக இருக்கிறாள், நானும் அப்படியே, நீயும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். மருந்துக் கடையில் அம்மாவுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது, அதைப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் வீடு மாறிவிட்டான், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவன் பீரோவைத் தூக்கிவிட்டு இரண்டு நாள் நான் நிமிர முடியாமல் நடந்தேன்.

நீ எனக்கென்று தனியாக எழுதிய கடிதம் கிடைத்தது. நீ விமானத்திலிருந்து குதிக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷமாக நான் உன்னோடு பேசவில்லை. அம்மா போனில் உன்னோடு பேசும்போது அடுத்த அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் அங்கே அனுப்பிவிடுவேன். கடிதத்தில் நீ அதைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இருநூறு முறை குதித்தாயிற்று, இனி காற்றில் உட்கார்ந்தபடியும் நின்றபடியும் தலைகீழாகவும் பறக்கிற ஃப்ரீஃப்ளையிங் கற்கப்போகிறேன், இங்கே இரண்டு கோச் இருக்கிறார்கள், ஒருவர் மெடல்கள் வாங்கியவர், இன்னொருவரை வெளியே அவ்வளவாகத் தெரியாது, இருபத்தாறு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர் நீங்கள், யாரிடம் போகட்டும் என்று மட்டும் கேட்டிருந்தாய். அதை நாலு முறை படித்தேன். பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மனம் வரவில்லை.

அதனால் போன சனிக்கிழமை, காருக்குக் கிளட்ச் பிளேட் வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, உன்னைப்போல் குதிக்கிறவர்கள் வருகிற ஒரு மைதானத்துக்குப் போனேன். பெரிய கொட்டகை, தரை முழுக்கக் கம்பளம், ஆளாளுக்கு மண்டியிட்டுப் பாராசூட்டைக் கட்டிப்பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், இரவு அங்கேயே தங்கி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதில்தான் இருந்தேன்.

அங்கேயும் இரண்டு கோச். ஒருவரை எல்லாரும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் கற்கிறவர் ஒரு பேக்கரிக்காரர், முன்கையெல்லாம் அடுப்புத் தழும்பு. அன்று முதல் முறையாகத் தலைகீழாகப் பறக்கப்போவதாகச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலே பாராசூட் குடைகள் ஒவ்வொன்றாக விரிந்தன, அவருடையது மட்டும் விரியவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மற்றவர்களைவிட ரொம்பக் கீழே வந்த பிறகுதான் திறந்தது. நல்லபடியாக இறங்கிவிட்டார், ஆனால் ஹெல்மெட் வாரைக் கழற்ற அவர் விரல்களால் முடியவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். சாம்பியனைப் பிடித்துவிட வேண்டும் என்ற முனைப்பில், கையில் கட்டியிருந்த உயரம் காட்டுகிற கருவியைப் பார்க்க மறந்துவிட்டாராம், ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கிற எச்சரிக்கை மணியும் காதில் விழவில்லையாம். சாம்பியன் அவர் முதுகில் தட்டிவிட்டு வீடியோவைப் போட்டார். பாப்பா, பொய் சொல்லக்கூடாது, அந்த மனிதர் பறப்பது அவ்வளவு அழகு. பேக்கரிக்காரர் மூலையில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார்.

இன்னொரு கோச் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும். ஒரு பல் டாக்டர் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தலைகீழாக விழும்போது வேகம் அதிகம், முதுகுப் பையின் மூடி ஒன்று தளர்ந்திருந்தால் குடை தானாகத் திறந்துகொள்ளும் என்று சொல்லி ஒவ்வொரு வாராக இழுத்துப் பார்த்தார். விமானம் போகிற திசையைப் பார்த்துப் பறக்காதே, குறுக்காகத் திரும்பிக்கொள், கற்றுக்கொள்கிறவர்கள் தெரியாமலே நழுவிப்போய் முன்னும் பின்னும் குதித்த மற்றவர்கள்மேல் மோதிவிடுவார்கள் என்றார். குடையைத் திறப்பதற்காக எந்த உயரத்தில் ஒருவரைவிட்டு ஒருவர் பிரிவோம் என்று பேச்சோடு பேச்சாக மூன்று முறை கேட்டுவிட்டார். தலைகீழ் எப்போது என்று அந்தப் பெண் கேட்டதற்கு, முதலில் காற்றில் ஒழுங்காக உட்காரு, தலையைப் பிறகு பார்க்கலாம் என்று சிரித்தார். இறங்கி வந்த பிறகும், நீ என்ன பார்த்தாய் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. வீடியோ முழுக்க அந்தப் பெண்தான் இருந்தாள்.

அவரிடம் உன் கேள்வியைச் சொன்னேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றார், சொன்னேன். "சொல்லித்தர்ற கார்ல உங்க காலடியில தனியா ஒரு பிரேக் இருக்கும் இல்லையா? எனக்கு அது கிடையாதுங்க. பிரியற உயரம் வந்துட்டா உங்க பொண்ணு ஒரு பக்கம், கோச் ஒரு பக்கம். அந்தத் தனி நேரத்துக்குச் சொல்லித் தர்றவங்ககிட்ட அனுப்புங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டுகிறவர் பயப்படும் முன்பே நான் பயந்து மிதித்த பிரேக்குகள் எத்தனையோ. இந்த ஒரு வருஷமும் உன் விஷயத்தில் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். கோபம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள். வீட்டுக்கு வந்ததும், கிளட்ச் பிளேட் எங்கே என்று அம்மா கேட்டாள். கடையை மூடிவிட்டார்கள் என்றேன். ரெண்டு நாளுமா என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அவள் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

நீ செய்யவேண்டியது இதுதான். மெடலைப் பார்க்காதே, மெடல் இருக்கிறதே என்று ஒதுக்கவும் செய்யாதே, நன்றாகப் பறக்கிறவர் நன்றாகச் சொல்லித்தரவும் கூடும். இரண்டு பேரும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார். நீ தடுமாறி விழுகிற வேகத்துக்கு இறங்கி வந்து உன் பக்கத்திலேயே இருக்க அவருக்குத் தெரிகிறதா என்று பார், அது வெறும் நல்ல குணத்தால் வராது, கைதேர்ந்தவரால்தான் முடியும். இன்றைக்கு உடம்பு சரியில்லை, வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிப் பார், முகம் சுளிக்கிறவர் உனக்கு வேண்டாம். பிறகு நீயே முடிவு செய், என்னிடம் கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, குதிக்கப் போகும் முந்தின நாள் நன்றாகத் தூங்கு. ஏறுகிற ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே இறங்கி வர வேண்டும், அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே குதிக்க வருகிறவர்கள் ஒரு படிவம் நிரப்புகிறார்கள், ஆபத்தென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. உன் படிவத்தில் உன் தோழியின் நம்பர் இருப்பதாக அம்மா சொன்னாள். அப்பா தாங்கமாட்டார் என்று சொன்னாயாம். தாங்குவேனா என்று எனக்கும் தெரியாது. இருந்தாலும் அந்த வரியில் என் நம்பரை எழுது.

உன் அப்பா