மேஜைக் கடலில் உன் கொடி

டேய்,

மழை வலுத்தால் போதும், வீடு முழுக்கச் சந்தன ஊதுபத்தி வாசம். போன வாரம் ஜெபத்துக்கு வந்த பாதிரியார் மூக்கை உறிஞ்சிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? எரிந்து மிச்சமான ஊதுபத்திக் குச்சிகளைச் சேர்த்துவைத்து, நம் விளையாட்டுக் கப்பல் இருபத்து நாலுக்கும் அதிலேயே பாய்மரம் நட்ட மகானுபாவன் நீ. "பிரிட்டிஷ் கப்பற்படை கோயில் மாதிரி மணக்குதுடா" என்று நான் கத்தியதற்கு, "மணக்கட்டும். பண்ணின பாவத்துக்கு உங்களுக்குத்தான் தேவை" என்றாய்.

மூன்று மாதமாக அந்தக் கப்பல்கள் எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் நிற்கின்றன. நீ விரித்த நீல லுங்கிதான் கடல், நீ கை தவறி உடைத்த த்வாண்டே ஊர் மண்பானையின் ஓடுதான் மணல்திட்டு. எல்லாம் நீ விட்டுப்போன இடத்திலேயே. நானும் ஸ்டெல்லாவும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். நேற்று குழம்பு சேலையில் கொட்டிவிட்டது. "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கடலை நீங்க எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உன்னைத்தான் சொல்லணும்.

யார் பாதி ஆட்டத்தில் போவார்கள்? பதினெட்டு வருஷம் ஞாயிறு தவறாமல் ஆடியிருக்கிறோம். நான் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால், நீ இன்சீனிலிருந்து, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவாய். கேட்டால் பழி ரயில்மேல். ரயில் பட்டறையில் வேலை பார்க்கிறவனே ரயிலைத் திட்டினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? நானும் ஸ்டெல்லாவின் தம்பி சேவியரும் பிரிட்டிஷ் மாலுமிகள். நீயும் உன் அக்கா மகள் மா கின்னும் அமெரிக்க மாலுமிகள். ஏன் அமெரிக்கா என்று முதல் நாள் கேட்டேன். "எங்க தாத்தா இந்த ஊர்த் துறைமுகத்துல வெள்ளைக்காரனுக்கு மூட்டை தூக்கினது போதும், நான் அவனை அடிச்சு விரட்டினவன் பக்கம். உங்க தாத்தா அவனுக்கு குமாஸ்தா, நீ அவன் கப்பலையே ஓட்டு" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை.

நமக்கு இரண்டே சட்டம். ஒன்று என்னுடையது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கேப்டனும் உத்தரவை ரகசியமாகச் சீட்டில் எழுதி மடிக்க வேண்டும். பிரித்த பிறகு மாற்றக் கூடாது. எழுதினது எழுதினதுதான். அந்தச் சட்டத்தில் நீ மாட்டிக்கொண்ட மாதிரி யாரும் மாட்டியதில்லை. கப்பலின் இடது வலதை எழுதச் சொன்னால், உன் நாற்காலியிலிருந்து தெரிகிற இடது வலதை எழுதுவாய். கப்பல் உன்னை விட்டுப் போகும்போது சரி. உன்னைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழ். எத்தனை கப்பலைப் பானையோட்டில் ஏற்றியிருப்பாய்! "நான் நினைச்சது வேறடா!" என்று மேஜையைத் தட்டுவாய். "நினைச்சதை யார் கேட்டா, எழுதினதைக் காட்டு" என்பேன் நான்.

இரண்டாவது சட்டம் உன்னுடையது. கொடியை இறக்கினால்தான் தோல்வி. அந்தக் கொடியையும் அந்தக் கப்பலின் கேப்டன்தான் தன் கையால் இறக்க வேண்டும், மற்றவன் தொடக் கூடாது. தோற்றவனின் கொடி ஜெயித்தவன் வீட்டு அலமாரிக்குப் போகும். என் கொடிகள் ஏழோ எட்டோ இன்சீனில் உன் வீட்டில் கிடக்கின்றன. உன் கொடி ஒன்றுகூட என்னிடம் இல்லை. கப்பல் ஓட்டையாகி, ஆள் இல்லாமல், பாய் கிழிந்து நின்றாலும், "இன்னும் மூழ்கலையே" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாய். நாங்கள் சலித்துப்போய் ஆட்டத்தைக் கலைப்போம். பிடிவாதக்காரா, ஒரே ஒரு கொடி எனக்குக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கடைசி ஞாயிறும் அப்படித்தான். என் கப்பல் பாய்மரம் முறிந்து அசையாமல் கிடந்தது. உன் கப்பல் உன் நாற்காலியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அதன் இடப்பக்கம் என் கப்பலின் காவலில்லாத முதுகு, வலப்பக்கம் மணல்திட்டு. நீ எழுதி மடித்தாய். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. "ரயிலைப் பிடிக்கணும். அடுத்த வாரம் பிரிக்கலாம், தொட்டே கையை ஒடிச்சிடுவேன்" என்று சீட்டை உன் கப்பலுக்கு அடியில் செருகிவிட்டுப் படியிறங்கினாய். புதன்கிழமை பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான்.

ஸ்டெல்லா கெடு வைத்த பிறகு, இன்று எல்லோரையும் வரச் சொன்னேன். மா கின்தான் பிரித்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "வலது. முழுப் பாய். சுடு."

அட மடையா! கடைசிச் சீட்டிலுமா?

எழுந்து போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் என் கப்பல் வலது கைப்பக்கம்தான் கிடக்கிறது, சந்தேகமே இல்லை. பதினெட்டு வருஷம் உன்னைத் திட்டினேன். ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேனா? பார்த்திருக்க வேண்டும். அது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

"உன் மாமா கப்பலோட இடதுன்னுதாம்மா நினைச்சிருக்கான். இடப்பக்கமே திருப்பு. சுடட்டும்" என்றேன்.

சேவியர் வாயைப் பிளந்தான். மா கின் விடவில்லை. "எழுதினது எழுதினதுதான் அங்கிள். நீங்க விட்டுக்கொடுத்து ஜெயிச்சார்னு தெரிஞ்சா மாமா உங்களைச் சும்மா விடுவாரா?" அரை மணி நேரம் சண்டை. நான் உனக்காக, உன் மாலுமி எனக்காக. கடைசியில் அவளே உன் கப்பலை எடுத்துப் பானையோட்டின்மேல் வைத்தாள். சேதம் எவ்வளவு என்று பார்க்கச் சேவியர் பகடையை உருட்டினான். அடிமரம் உடைந்தது, பீரங்கி ஒன்றும் மிஞ்சவில்லை. மா கின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டீங்க அங்கிள், கொடியை எடுத்துக்கங்க" என்றாள்.

கையை நீட்டினேன். நீட்டிய கை பாதியில் நின்றது. உன் பழைய சட்டைத் துணியில் வெட்டிய, கடுகு அளவு நட்சத்திரம் வைத்த கொடி. அதை நான் எப்படித் தொடுவேன்? சட்டம் போட்டவன் நீ. கேப்டன்தான் இறக்கணும்.

செத்தும் என்னை ஏமாற்றிவிட்டாயேடா.

கடலை மடித்துவிட்டேன். ஸ்டெல்லா மேஜையைத் துடைத்துச் சோறு போட்டாள். உன் கப்பலை மட்டும், பானையோட்டோடு அப்படியே என் அலமாரியில் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் உன் ஊதுபத்தி வாசம்தான். கொடி இன்னும் மேலேதான் இருக்கிறது. ஆண்மகனாக இருந்தால் வந்து இறக்குடா.