தண்ணீரில் வைத்துப் பார்த்த மட்டம்

என் உயிரான மச்சானுக்கு,

அன்று சதுரங்கப்பட்டினம் முகத்துவாரத்தில் அந்தப் படகுக்குள் இருந்தவர்கள் நான்கே பேர். படகின் சொந்தக்காரர் ஏழுமலை அண்ணன், படகோட்டி செல்வம், உங்கள் தம்பி ஜாபர், நான். நான் பேசியதைக் காதால் கேட்டதாக ஊரில் இப்போது பத்துப் பேர் சொல்கிறார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தான பின் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்த மறுவாரமே ஏழுமலை அண்ணன் வந்துவிட்டார். முக்குளிக்க வருகிறவர்கள் குளித்தெழ நீங்கள் வெந்நீர் டாங்கி வைத்துக் கொடுத்தீர்களே, அந்தப் படகுதான். அரைமணி ஓடினால் எஞ்ஜின் கொதிக்கிறதாம்.

ஜாபர், "பம்ப்புல குப்பை அடைச்சிகினு இருக்கும்ண்ணே. எங்கண்ணன் வேலைல தப்பு வராது" என்றார்.

"மூணு தபா கழட்டிப் பாத்தாச்சு. எங்கூட்டு சோத்துப் பானைய வுட சுத்தமா கீது" என்றான் செல்வம்.

எனக்கு அன்றிரவே நம் நோட்டு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேனே? குழாய் எத்தனை அடி, கிளிப் எத்தனை, படகு எங்கே நின்றது. எல்லாப் படகுக்கும் நேரே ‘தண்ணீரில்’ என்று இருந்தது. கடைசி மூன்றுக்கு மட்டும் ‘மணலில்’; ஏழுமலை அண்ணன் படகும் அதில் ஒன்று. முழங்கால் வலி என்று நீங்கள் கடலில் இறங்குவதை நிறுத்தியிருந்த மாதங்கள் அவை. வலி அவ்வளவா இருந்தது? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

எஞ்ஜினைச் சுற்றிச் சூடேறும் தண்ணீர்தான் டாங்கிக்குள் சுருள் குழாயில் ஓடி வெந்நீர் தருகிறது. எஞ்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றும் வாயைவிட டாங்கி தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்தால் காற்று அடைத்துக்கொள்ளும் என்று நீங்களே சொல்வீர்கள். மணலில் இழுத்து ஏற்றிய படகு மூக்கைத் தூக்கி நிற்கும். பின்பக்கம் வைத்த டாங்கி தாழ்ந்ததாகத்தான் தெரியும். மிதக்கும்போது?

முகத்துவாரத்தில் மிதந்து நின்ற படகில் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினேன். "இன்னா தங்கச்சி, புர்காவோட எஞ்ஜின் ரூம்ல எறங்குறே? மாட்டிக்கப் போவுது" என்று ஏழுமலை அண்ணன் பதறினார். உங்கள் மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கண்ணுக்குத் தெரிய ரோஸ்மில்க் எசென்ஸ் நாலு சொட்டு விட்டிருந்தேன். ஒரு முனையை டாங்கியிடம் ஜாபர் பிடித்தார், மறுமுனையை எஞ்ஜின் வாயருகே நான் பிடித்தேன். வாயைவிட டாங்கி மூன்று விரல் உயர்ந்திருந்தது.

ஜாபர் என் காதருகே குனிந்தார். "மதினி, வாயத் தொறக்காதீங்க. குப்பைதான்னு சொல்லிட்டு சத்தமில்லாம எறக்கி வச்சிடலாம். அண்ணன் பேரு கெட்டுடும்."

இந்தப் படகைச் சத்தமில்லாமல் சரி செய்யலாம். மற்ற இரண்டை என்ன சொல்லிக் கூப்பிடுவது? நடுக்கடலில் எஞ்ஜின் இறுகி நின்றால் ஆட்களை யார் கொண்டுவருவது?

"தப்பு எங்க வூட்டுக்காரருதுண்ணே" என்றேன்.

"இத்தினி வருஷத்துல அந்த ஆளு தப்பு பண்ணி நான் பாத்ததில்லமா."

"இப்ப பாத்துட்டீங்க. டாங்கிய எறக்கணும். படகு தண்ணியிலயே நிக்கட்டும்."

ஜாபர் முகம் கறுத்துப் போனது. ஆனாலும் அவர்தான் டாங்கியை எட்டு விரல் இறக்கினார். காற்றை வெளியேற்றி இரண்டு மணி நேரம் ஓட்டினோம். சூடு காட்டும் முள் சிவப்புப் பக்கம் அசையவில்லை. இரண்டாவது படகையும் போன வாரம் முடித்தோம். ஜாபர் வேலைக்கு வருகிறார், ஸ்பேனரைக் கேட்டால் கொடுக்கிறார்; என்னோடு பேச்சு மட்டும் இல்லை. புருஷன் கப்ரு மண்ணில் ஈரம் காயும் முன் பெயரைக் கெடுத்தவள் என்று தெருவில் பேச்சு. நீங்களும் அப்படி நினைப்பீர்களா, மச்சான்? ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகத்தான் கையேந்துகிறேன். உங்கள் கணக்கில் ஒரு உயிர் ஏறிவிடக் கூடாது. எனக்கு அதுதான் பயம்.

மூன்றாவது படகு இரண்டு கை மாறிவிட்டது. கடலூர்ப் பக்கம் ஓடுவதாக மட்டும் தெரிகிறது. அதைக் கண்டுபிடித்து, தண்ணீரில் வைத்து மட்டம் பார்க்காமல் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுவதும் அதற்குத்தான்.

வெள்ளைப் படகு, பச்சைக் கோடு, வெந்நீர் டாங்கியில் சிவப்புப் பெயின்டில் ‘சூடு’ என்று கையால் எழுதியிருக்கும். அதை வைத்திருப்பவர் இதைப் படித்தால், ஐயா, எஞ்ஜினை ஓட்டாதீர்கள். புதுப்பட்டினம் பள்ளிவாசல் தெருவுக்கு ஆள் அனுப்புங்கள், நாங்களே வந்து செய்து தருகிறோம். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி,
பரீதா