என் பேரில் வந்த வேறொருத்தியின் கழுத்து

நல்லதண்ணி
12.2.1987

அன்பு மகன் லியனார்டுக்கு அம்மா எழுதுவது. கொழும்பில் எடுத்த என் கழுத்து ஸ்கேன் பேப்பரை நீ படித்துப் பார்க்காமலே தபாலில் போட்டிருக்கிறாய். மாதா காவலில் உன் அப்பாவும் தங்கச்சி சுகிர்தமும் சுகம், நான் சுகமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

பேப்பர் வந்த அன்றைக்கே நம்ம தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் காட்டினேன், அவர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு ஒன்னுமில்ல போ, நாளைக்கு வேலைக்கு வந்துடு என்றார். உங்கப்பா சந்தோஷத்தில் கோழி அடித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்கார நஸார் முதலாளியின் மகள் பௌசியா இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை, கடையில் வைத்து முழுசாக வாசிக்கச் சொன்னேன். தைராய்டு வலது பக்கமும் இடது பக்கமும் சரியான அளவில் இருக்கிறது என்று வாசித்தாள். இடது பக்கத்தைத்தான் போன வருஷம் கண்டியில் அறுத்து எடுத்துவிட்டார்களே, மிச்சப் பாதியில் மறுபடி கட்டி வருகிறதா என்று பார்க்கத்தானே இந்த ஸ்கேனே. அந்தப் பிள்ளை என் தழும்பைப் பார்த்துவிட்டு, அம்மா இது ஒங்க பேப்பர் இல்ல என்றது. மேலே என் பேர்தான் இருக்கிறது.

கொழும்பில் அன்றைக்கு நீ வேலைக்கு நேரமாச்சு என்று ஸ்கேன் எடுக்கிற இடத்து வாசலிலேயே நின்றாய். மற்றவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் தோட்டத்திலிருந்து வந்த எங்களை மட்டும் தோட்டம், தோட்டம் என்றான். நானும் பக்கத்தில் இருந்த கந்தப்பளைத் தோட்டத்து மீனம்மாவும் சேர்ந்தே எழுந்தோம், ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான் போல அக்கா என்று அவள் சிரித்தாள். முறை என்னுடையது, உள்ளே போனது அவள். என் பேரைப் போட்டு அவள் கழுத்தை எழுதிவிட்டான். என்னுடையது அவளிடம் போயிருக்கும். அதில் கட்டி என்று இருந்து, அதையும் கடைசி வரி மட்டும் பார்க்கிற ஒருத்தர் பார்த்தால் அவளுடைய நல்ல கழுத்தை அறுக்கச் சொல்வாரே.

ஒரு வாரமாகச் சோறு விழுங்கும்போது வலது பக்கம் தடுக்கிறது, அப்பாவிடம் சொல்லவில்லை. கொழும்பு வர லீவு கேட்டதற்கு, பேப்பரே ஒன்னுமில்லங்குது, ஊர் சுத்தக் கழுத்த காட்டுறியா என்கிறார் கணக்கப்பிள்ளை.

மாதா உன் கூடவே இருக்கட்டும். வெறும் தரையில் படுக்காதே. பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன், கடிதம் கண்ட மறுநாளே ஸ்கேன் எடுத்த இடத்துக்குக் கொண்டுபோ. மீனம்மாவின் விலாசத்தை வாங்கி அவளுக்கும் எழுது. என் வலது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களைக் கேட்டுத் தந்தி அடி.

உன் அம்மா
மரியநாயகி