ரவுட்டரை அணைக்காதே

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து கமலக்கண்ணன் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான், ஊருக்கு வரும் தேவேந்திரன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

லீவில் வந்தபோது நான் மாட்டிய ரவுட்டரை, மீன் விற்கக் கிளம்பும்போதெல்லாம் அணைத்துவிடுகிறாய். கேட்டால், "ஆளில்லாத வூட்ல அது இன்னாத்துக்குடா எரியணும்?" என்கிறாய்.

அதில் எந்தெந்த போன் சேர்ந்திருக்கிறது என்று இங்கிருந்தே பார்க்கலாம் அம்மா. நீ வீட்டுக்குள் நுழைந்ததும் என் போனில் 'அம்மா' என்று வரும். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தும் சுவிட்சைப் போட மறந்துவிட்டாய். பெரிதாக ஒன்றுமில்லை, என் சோறுதான் ஆறிப்போனது.

அந்த சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவை. அண்ணனிடம் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

'அம்மா' என்று வந்த பிறகுதான் தினமும் சாப்பிட உட்காருகிறேன்.

உன் மகன்,
கமலக்கண்ணன்